பச்சிலையா, மாத்திரையா? தானியேல் காட்டிய வழி

ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் வெளியே வருகின்றனர். கோவில் முற்றத்து வேப்பமர நிழலில் நாலைந்து பேர் கூடி நிற்கின்றனர். அவர்களுள் ஒருவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். சென்ற வாரம் எடுத்த இரத்தச் சோதனையில் சர்க்கரை மிகுந்திருப்பதாக மருத்துவர் கூறிவிட்டார். மாத்திரையும் எழுதிக் கொடுத்துவிட்டார். முகம் வாடி நிற்கும் அவருக்கு ஆறுதல் கூறவே மற்றவர்கள் சூழ்ந்துள்ளனர். “மாத்திரையைத் தொட்டுவிட்டால் சாகும்வரை விட முடியாது அண்ணே, ஆவாரம்பூவைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்” என்கிறார் ஒருவர். “என் மாமனார் வேங்கைக் கட்டைக் குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்து விடியலில் குடித்தார், மூன்றே மாதத்தில் சர்க்கரை பறந்துவிட்டது” என்கிறார் மற்றொருவர். மூன்றாமவர் பள்ளி ஆசிரியர். “இலை தழையெல்லாம் மூடநம்பிக்கை, டாக்டர் சொல்வதை மட்டும் கேளுங்கள்” என்று கண்டிப்பாகச் சொல்கிறார்.

மூவரும் நல்லவர்கள், மூவரும் அன்பினாலேயே பேசுகின்றனர். ஆயினும் மூன்று திசையில் இழுத்தால் நோயாளி எங்கே போவார்?

இதனை வெறும் திண்ணைப் பேச்சு என்று தள்ளிவிட இயலாது. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மூட்டுவாதம், ஈரல் நோய் ஆகியவை சளிக்காய்ச்சலைப் போல வந்து போகிறவை அல்ல. வீட்டுக்குள் வந்து நிலையாகக் குடியேறுகிறவை. இவற்றில் நாம் செய்யும் தவறு உடனே தெரிவதில்லை. ஆண்டுகள் பல கழித்துக் கண்ணிலும் சிறுநீரகத்திலும் காலிலும் இதயத்திலும் வந்து தெரிகிறது. நாமறிந்த ஒரு குடும்பத்தலைவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு எட்டு மாதம் கஷாயம் மட்டும் குடித்து வந்தார். உடம்பு நன்றாகவே இருப்பதாக நம்பினார். காலில் பட்ட சிறு காயம் ஆறவில்லை. புரையோடிப் போய், இரு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. மருத்துவமனைக் கட்டிலில் படுத்தவாறே அவர் கூறினார்: “கஷாயத்தை நான் குறை சொல்லமாட்டேன். அந்த எட்டு மாதமும் ஒருமுறைகூட நான் இரத்தம் சோதித்துப் பார்க்கவில்லை. அதுதான் என் குற்றம்.”

சிந்திக்கத்தக்க சொல் அது. இலையா, மாத்திரையா என்று வழக்காடுகிறோம். சோதித்துப் பார்த்தார்களா என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

பத்து நாள் சோதனை

சோதித்துப் பார்த்தல் என்பது இக்காலத்து அறிவியலார் புதிதாகக் கண்டுபிடித்தது என்று பலர் எண்ணுகின்றனர். நம் திருமறை நூலில் தானியேல் ஆகமத்தின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். நெபுகத்னேசர் மன்னனின் அரண்மனைக்குச் சிறைப்பிடித்துச் செல்லப்பட்ட யூத இளைஞர் நால்வர், மன்னனின் பந்தி உணவாலும் திராட்சை மதுவாலும் தம்மைத் தீட்டுப்படுத்திக்கொள்ள மறுக்கின்றனர். மேற்பார்வையாளனோ அஞ்சுகிறான்: இவர்கள் மெலிந்துபோனால் மன்னன் தன் தலையையன்றோ வாங்கிவிடுவான்! அப்போது தானியேல் வாதம் செய்யவில்லை. ஒரு சோதனையை முன்வைக்கிறார். பத்து நாள் எங்களுக்கு மரக்கறியும் தண்ணீரும் மட்டும் கொடும். அதன்பின் எங்கள் முகத்தையும் மன்னனின் உணவை உண்ணும் மற்ற இளைஞரின் முகத்தையும் ஒப்பிட்டுப் பாரும். பார்த்தபின் உம் விருப்பப்படி செய்யும் என்கிறார். பத்தாம் நாள் பார்த்தபோது, நால்வரும் மற்றவர்களைவிடத் தெளிவும் கொழுமையும் உள்ளவர்களாய் விளங்கினர்.

மருத்துவ ஆய்வின் வரலாற்றை எழுதுகிறவர்களும் இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டத் தவறுவதில்லை. ஏனெனில் நல்ல சோதனையின் உயிர்நாடி இதில் உள்ளது. தங்கள் உணவை மட்டும் புகழ்ந்துவிட்டு நிற்காமல், அதனை உண்ணாத மற்றொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார் தானியேல். கால அளவையும் முன்னரே குறித்தார். முடிவு எதுவாயினும் ஏற்பதாக வாக்களித்தார். இம்மூன்றும் இன்றி மருந்துகளைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் வேப்பமரத்தடிப் பேச்சேயன்றி வேறன்று.

காக்கையும் பனம்பழமும்

“எனக்குக் குணமாயிற்றே! இதைவிடச் சான்று வேறு என்ன வேண்டும்?” என்று கேட்பவர் உண்டு. அவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் அது இருக்கக்கூடுமன்றோ?

முதலாவது, பல நோய்கள் தாமே தணிகின்றன. அசுத்த நீரால் வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானாகவே நீங்கிவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்தாலும் அதற்கே புகழ் சேரும்.

இரண்டாவது, நாட்பட்ட நோய்களுக்கு ஏற்றமும் இறக்கமும் உண்டு. மூட்டுவலி தாங்க முடியாத அளவுக்கு ஏறும்போதுதான் நாம் புதிய வைத்தியரைத் தேடிச் செல்கிறோம். உச்சிக்கு ஏறிய வலி அடுத்து இறங்குவதே இயல்பு. இறங்கியது மருந்தாலா, இயல்பாலா?

மூன்றாவது, மனத்தின் வலிமை. நம்பிக்கையோடு விழுங்கும் வெற்று மாத்திரைகூட வலியைச் சிறிது காலம் தணிக்கும். இது கற்பனையன்று, ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட உண்மை.

நான்காவது, குணமானவர் ஊரெல்லாம் சொல்கிறார். குணமாகாதவர் வாய் திறப்பதில்லை. இறந்தவரோ சாட்சி சொல்ல வருவதே இல்லை. எனவே நம் காதில் விழுவது வெற்றிக் கதைகள் மட்டுமே.

இந்த நான்கு மயக்கங்களும் பச்சிலைக்கு மட்டும் உரியவை அல்ல. ஆங்கில மருந்துக்கும் அவ்வாறே பொருந்தும். பட்டம் பெற்ற மருத்துவரும் இம்மயக்கத்தில் விழுகிறார். ஆதலின்தான் நேர்மையான சோதனைக்குச் சில விதிகளை வகுத்தனர். நோயாளிகளை இரு குழுவாகப் பிரிக்க வேண்டும். யார் எந்தக் குழு என்பதை மருத்துவர் தம் விருப்பப்படி தேர்ந்தெடுக்கக் கூடாது. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்துகொள்ளத் திருத்தூதர்கள் சீட்டுப் போட்டார்கள் அல்லவா? அதுபோலச் சீட்டுப் போட்டே பிரிக்க வேண்டும். இல்லையெனில் தெம்பான நோயாளிகளைத் தம் மருந்தின் பக்கம் சேர்த்துக்கொள்ளும் ஆசை யாருக்கும் வரும். ஒரு குழுவுக்கு உண்மை மருந்தும், மற்றொரு குழுவுக்கு அதேபோல் தோன்றும் வெற்று மருந்தோ வழக்கமான மருந்தோ கொடுக்க வேண்டும். யார் எதை உண்கிறார் என்பது, இயன்றவரை, நோயாளிக்கும் தெரியக் கூடாது. மருத்துவருக்கும் தெரியக் கூடாது. இறுதியில் எத்தனை பேர் பிழைத்தனர், எத்தனை பேர் நலிந்தனர், எத்தனை பேர் பாதியில் விலகினர் என்று ஒருவர் விடாமல் எண்ண வேண்டும்.

இனி, நம் நாட்டு மூலிகைகள் இரண்டு இத்தராசில் ஏறிய வரலாற்றைக் காண்போம். ஒன்று வென்றது, மற்றொன்று இன்னும் வெல்லவில்லை.

சர்ப்பகந்தா உலகை வென்ற கதை

சர்ப்பகந்தா நம் நாட்டுக் காடுகளில் வளரும் சிறு செடி. பாம்புக்கடிக்கும், தூக்கமின்மைக்கும், சித்தப்பிரமைக்கும் அதன் வேரைப் பன்னூறு ஆண்டுகளாக நம் வைத்தியர்கள் கொடுத்து வந்தனர். பீகார்ப் பகுதியில் அதற்குப் பைத்திய மருந்து என்றே பெயர். 1931-ஆம் ஆண்டில் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இரு மருத்துவர்கள், அவ்வேர் மனக்கொந்தளிப்பைத் தணிப்பதோடு இரத்த அழுத்தத்தையும் குறைப்பதாக எழுதினர். அதே ஆண்டில் தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் வேதியியலார் தம் துணைவரோடு அவ்வேரினின்று சில சத்துகளைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்கு யூனானி மருத்துவப் பெரியார் ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரைச் சூட்டினார்.

அடுத்து வந்தவர் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல். அவர் இரத்தக் கொதிப்பு நோயாளிகள் 50 பேருக்கு இம்மருந்தைக் கொடுத்து, அளந்து, குறித்து, 1949-இல் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலக மருத்துவர்கள் அன்றுதான் இந்த இந்திய வேரைத் திரும்பிப் பார்த்தனர். 1952-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அதன் முதன்மையான சத்து தனியே பிரிக்கப்பட்டு ரிசர்பின் எனப் பெயர் பெற்றது. 1957-இல் வக்கீல் அமெரிக்காவின் புகழ்மிக்க லாஸ்கர் பரிசைப் பெற்றார்.

கதை இத்துடன் முடியவில்லை. இரத்த அழுத்தம் குறைகிறது என்பது தெரிந்தது. அதனால் உயிர் பிழைக்கிறதா என்பது தெரியவில்லை. அழுத்தம் ஏறுவது உடலின் தேவைக்காகவே, அதனைக் குறைப்பது தீங்கு என்று கருதிய மருத்துவ மேதைகளும் அக்காலத்தில் இருந்தனர். அமெரிக்காவில் முன்னாள் போர்வீரர்களுக்கான மருத்துவமனைகளில் எட்வர்டு ஃப்ரைஸ் என்பவர் தலைமையில் இதனைச் சோதித்தனர். இரத்த அழுத்தத்தின் கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த ஆண்கள் 143 பேரைச் சீட்டு முறையில் பிரித்தனர். 73 பேருக்கு ரிசர்பினும் வேறிரண்டு மருந்துகளும். 70 பேருக்கு வெற்று மாத்திரை. 1967-இல் முடிவு வெளியாயிற்று. வெற்று மாத்திரை உண்டவர்களுள் 27 பேருக்குப் பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்ற கடும் கேடுகள் நேர்ந்தன. அவர்களுள் நால்வர் இறந்தனர். மருந்து உண்டவர்களுள் கேடு நேர்ந்தவர் இருவர் மட்டுமே, இறந்தவர் ஒருவருமில்லை. இரத்தக் கொதிப்புக்கு மருந்து உண்பவர் பிழைக்கிறார் என்று உலகுக்குக் காட்டிய அச்சோதனையில் நம் காட்டுவேரின் சத்தும் பங்கு கொண்டது என்பது நமக்குப் பெருமையே.

அதே சோதனைகளும் நீண்ட அனுபவமும் மற்றொன்றையும் கற்பித்தன. அளவு மிகுந்தால் ரிசர்பின் சிலருக்கு மனச்சோர்வை உண்டாக்கியது; மூக்கடைப்பையும் தந்தது. அதனினும் இதமான மருந்துகள் பின்னர் வந்தமையால் இன்று மருத்துவர்கள் அதனை முதல் மருந்தாக எழுதுவதில்லை. இயற்கை தந்தது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது என்பதற்கும் சர்ப்பகந்தாவே சான்று.

கீழாநெல்லி கற்பித்த பாடம்

கீழாநெல்லியை அறியாத தமிழ் இல்லம் உண்டா? மஞ்சள் காமாலை என்றதும் அதனைப் பறித்து அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நம் பாட்டிமார் காலத்து வழக்கம். காமாலையில் பல வகை உண்டு. தண்ணீரால் வருவது தானே நீங்கும் என்று முன்னரே கண்டோம். ஆனால் ‘ஹெபடைட்டிஸ் பி’ என்னும் கிருமி இரத்தத்தின் வழியாகவும், தாயினின்று பிறக்கும் குழந்தைக்கும் தொற்றி, சிலருடைய உடலில் ஆண்டுக்கணக்கில் சத்தமின்றித் தங்கிவிடும். பின்னாளில் ஈரல் சுருங்குதற்கும் ஈரல் புற்றுநோய்க்கும் காரணமாகும்.

இக்கிருமியைக் கண்டுபிடித்தமைக்காக 1976-இல் நோபெல் பரிசு பெற்றவர் பாரூக் ப்ளம்பெர்க் என்னும் அமெரிக்க அறிஞர். அவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். பி. தியாகராசன் முதலிய அறிஞர்களும் இணைந்து, நம் கீழாநெல்லி இக்கிருமியை விரட்டுமா என்று ஆராய்ந்தனர். கிருமியைச் சுமந்திருந்தோரைப் பிரித்து, ஒரு சாராருக்குக் கீழாநெல்லிப் பொடியும் மறு சாராருக்கு வெற்றுப் பொடியும் 30 நாள் கொடுத்தனர். 1988-இல் லண்டனின் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. கீழாநெல்லி உண்டு பரிசோதனைக்கு வந்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்றுப் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்திருந்தது. நூற்றுக்கு 59 எங்கே, 4 எங்கே! உலகமே வியந்தது. நமக்கும் நெஞ்சு நிமிர்ந்தது.

ஆனால் ஒருமுறை கண்டதை மறுமுறையும் காண வேண்டும் என்பது சோதனையின் சட்டம். தாய்லாந்து அறிஞர்கள் அங்குள்ளோருக்குக் கொடுத்துப் பார்த்தனர். கிருமி நீங்கவில்லை என்று 1990-இல் அறிவித்தனர். நியூசிலாந்தில் கொடுத்துப் பார்த்தனர். அங்கும் பயனில்லை என 1994-இல் எழுதினர். செடியின் இனம் மாறியதா, மண் மாறியதா, பறித்த பருவம் மாறியதா, அல்லது முதல் சோதனையில் ஆள் தொகை குறைவாயிருந்தமையால் நேர்ந்த மயக்கமா என்று அறிஞர்கள் வாதிட்டனர். கிடைத்த ஆய்வுகளை எல்லாம் ஒருங்கே சீர்தூக்கிய ‘காக்ரேன்’ குழுவினர், இம்மூலிகை நாட்பட்ட ‘ஹெபடைட்டிஸ் பி’ நோய்க்குப் பயன் தரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2011-இல் முடிவு கூறினர்.

இதனால் நாம் நாணமுற வேண்டியதில்லை. நம் மூலிகையை உலக அவையில் நிறுத்திச் சோதித்துப் பார்த்த சென்னை அறிஞர்களின் துணிவு பாராட்டுக்குரியது. ஆனால் 1988-ஆம் ஆண்டுச் செய்தியை மட்டும் பிடித்துக்கொண்டு, அதன்பின் வந்தவற்றை மறைத்து, கீழாநெல்லி மாத்திரையை அருமருந்தென விற்பது நேர்மையாகாது. அதனை நம்பி ஈரலைப் பரிசோதியாமல் இருப்பவர் இழப்பது காசை மட்டுமன்று. காலத்தையும் உயிரையும் கூட. இன்று இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. பிறந்த குழந்தைக்கே போடப்படுகிறது. கிருமியை அடக்கி வைக்கும் மாத்திரைகளும் உண்டு.

மாத்திரைக்கும் அதே தராசு

இதைக் கேட்டு வேப்பமரத்தடி ஆசிரியர் மகிழ்ந்துவிட வேண்டாம். தொழிற்சாலையில் பிறந்த மருந்துகளும் இத்தராசில் வீழ்ந்ததுண்டு. மாரடைப்பு வந்து பிழைத்தவர்க்கு இதயத் துடிப்பு தவறித் தவறி அடிப்பது ஆபத்தின் அறிகுறி. என்கெயினைட், ஃப்ளெகெயினைட் என்னும் மருந்துகள் அத்தவறான துடிப்புகளை அடக்கின. துடிப்பு அடங்கினால் உயிர் பிழைக்கும் என்பது எவரும் ஐயுறாத முடிவாயிருந்தது. பல மருத்துவர்கள் நம்பிக்கையோடு எழுதிக் கொடுத்தனர். அமெரிக்காவில் சோதனை நடத்தி 1991-இல் கணக்கை வெளியிட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. மருந்து உண்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தனர். வெற்று மாத்திரை உண்ட 743 பேரில் இறந்தவர் 26 பேர் மட்டுமே. துடிப்பைச் சீராக்கிய மருந்தே உயிரைப் பறித்திருந்தது! சோதிக்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை குடும்பங்கள் தலைவனை இழந்திருக்கும்?

நீரிழிவிலும் அவ்வாறே. ஐரோப்பிய நாடுகளில் கலேகா என்னும் மூலிகை அறியப்பட்டிருந்தது. அதிலுள்ள சத்தை ஒத்த பொருள்களை ஆராய்ந்ததன் வழியாக வந்ததே மெட்ஃபார்மின். பாரிசில் ழான் ஸ்டெர்ன் என்பவர் 1957-இல் அதனை நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்த விவரத்தை வெளியிட்டார். இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் உண்ணும் மாத்திரை அது. பிரிட்டனில் பல ஆண்டுகள் நடந்த பெருஞ்சோதனையின் முடிவு 1998-இல் வெளிவந்தபோது, உடல் பருத்த நீரிழிவு நோயாளிகளிடையே அது இறப்பைக் குறைப்பது தெரியவந்தது. ஆகவே இலைக்கும் மாத்திரைக்கும் பிறவிப் பகை ஏதுமில்லை. பல மாத்திரைகளுக்கு இலையே தாய்.

அப்படியாயின் வேங்கைக் கட்டை? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு அதனையும் புறக்கணிக்கவில்லை. புதிதாக நீரிழிவு கண்ட 97 பேருக்கு வேங்கைச் சத்தைக் கொடுத்து, 12 வாரங்களில் 67 பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததாக 1998-இல் வெளியிட்டது. நம்பிக்கையூட்டும் செய்திதான். ஆனால் அந்தச் சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லை. புதிதாக நோய் தெரிந்தவர் அச்சத்தால் சோற்றையும் இனிப்பையும் குறைப்பார், நடக்கவும் தொடங்குவார். இறங்கிய சர்க்கரையில் வேங்கையின் பங்கு எவ்வளவு என்பதை அதனால் மட்டும் சொல்ல இயலாது. மேலும், அளந்து கொடுத்த சத்து வேறு. நம் வீட்டுக் குவளையில் ஊறிய நீர் வேறு.

“சித்தரும் ஆயுர்வேதியரும் நாடி பார்த்து ஆளுக்கேற்ற மருந்து தருபவர்கள்; அனைவருக்கும் ஒரே மாத்திரை கொடுக்கும் சோதனைக்குள் அவர்களை எப்படி அடக்குவது?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. கோயம்புத்தூரில் முடக்குவாத நோயாளிகள் 43 பேரிடம் நடந்த சோதனை இதற்கு விடையளித்தது. ஆயுர்வேத வைத்தியர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மருந்தைத் தேர்ந்துகொள்ள உரிமை பெற்றிருந்தனர். ஆனால் நோயாளி உண்பது உண்மை மருந்தா வெற்று மருந்தா என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆயுர்வேதம் மட்டும் பெற்றவர், ஆங்கில மருந்தாகிய மெத்தோட்ரெக்சேட் மட்டும் பெற்றவர், இரண்டும் பெற்றவர் ஆகிய மூன்று குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவு நலம் பெற்றதாக 2011-இல் அறிவித்தனர். ஆள் தொகை சிறிதாதலின் இது இறுதித் தீர்ப்பாகாது. எனினும் நம் மரபு மருத்துவத்தை அதன் இயல்பு கெடாமலே நேர்மையாகச் சோதிக்க இயலும் என்பதை அது காட்டிவிட்டது.

மனிதன் வெறும் சோதனைப் பொருள் அல்லன்

சோதனை வேண்டும் என்பதால் நோயாளியை எதற்கும் பயன்படுத்தலாம் என்று பொருளன்று. 1952-ஆம் ஆண்டு செப்டம்பரில் மருத்துவ அறிஞர்களுக்கு ஆற்றிய உரையில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், அறிவியலின் வளர்ச்சியோ சமுதாயத்தின் நன்மையோ தனி மனிதனின் உரிமையை மிதிப்பதற்குக் காரணமாகாது என்பதையும், நோயாளியின் இசைவு இன்றியமையாதது என்பதையும் தெளிவாக்கினார். 1964-இல் உலக மருத்துவர் கழகம் ஹெல்சிங்கியில் வகுத்த நெறிமுறைகளும் இதனையே வலியுறுத்தின.

நம் நாட்டில் மருந்துச் சோதனைகளைப் பொதுமக்கள் காணக்கூடிய பதிவேடு 2007-இல் தொடங்கப்பெற்றது. 2009 முதல் பதிவு கட்டாயமாயிற்று. எனவே உங்களையோ உங்கள் இல்லத்தாரையோ ஒரு சோதனையில் சேர அழைத்தால் அஞ்சி ஓடவும் வேண்டாம். காகிதத்தைப் படியாமல் கையெழுத்திடவும் வேண்டாம். அறநெறிக் குழு ஒப்புதல் தந்துள்ளதா, கேடு நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார், இடையில் விலகிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். விலகும் உரிமை எப்போதும் உங்களுக்கு உண்டு. அறிந்து, இசைந்து பங்கு கொள்பவர், முகம் அறியாத பிறருக்காகத் தம்மைத் தருகிறார். அது பிறரன்புச் செயலேயாகும்.

இல்லங்கள் செய்ய வேண்டுவன

மருத்துவர் தந்த மாத்திரையை, அவரைக் கேளாமல், எவர் சொல் கேட்டும் நிறுத்தாதீர்கள். சிறப்பாக, இன்சுலின் ஊசியையே நம்பி வாழும் குழந்தைக்கு அதனை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும்.

மூலிகை உண்பவராயின் அதனை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சர்க்கரையைக் குறைக்கும் இலையும் மாத்திரையும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். கடிந்துகொள்வாரோ என்னும் அச்சத்தால் மறைப்பது நமக்கே தீங்கு. மருத்துவ அன்பர்களும், மூலிகை என்ற சொல்லைக் கேட்டதும் சீறாமல், பொறுமையோடு கேட்டறிதல் வேண்டும்.

பெயரும் முகவரியும் இல்லாத பொடியை வாங்காதீர்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகர்க் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14-இல் ஈயமோ, பாதரசமோ, ஆர்சனிக்கோ இருந்ததாக 2004-இல் வெளியாயிற்று. ஒரே வாரத்தில் மூட்டுவலியைப் பறக்கடிக்கும் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்தைக் கலந்திருந்ததும் பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. தகுதி பெற்ற சித்த மருத்துவரை நாடுங்கள். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவும் உண்டு.

எந்த மருந்தை உண்டாலும் அளந்து பாருங்கள். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் குறித்து வைக்க நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றுவது சான்றாகாது. இவ்விரு நோய்களும் வலியின்றியே வளர்பவை.

இறுதியாக, எவரேனும் ஒரு மருந்தைப் புகழ்ந்தால் பணிவோடு கேளுங்கள்: எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்? உண்ணாதவரோடு ஒப்பிட்டார்களா? எவ்வளவு காலம் பார்த்தார்கள்? குணமாகாதவரையும் எண்ணினார்களா? வேறு ஊரில் வேறு ஒருவர் செய்து பார்த்தாரா? இக்கேள்விகள் யாரையும் அவமதிப்பவை அல்ல. எல்லாவற்றையும் சோதித்து நல்லதைப் பற்றிக்கொள்ளுமாறு தெசலோனிக்க மக்களுக்கு அறிவுறுத்திய புனித பவுலடியார் இதனைக் கேட்டால் மகிழ்வாரேயன்றிச் சினவார்.

மருந்துகள் மண்ணினின்று தோன்ற அருளியவர் ஆண்டவரே என்று சீராக் ஆகமம் நமக்குக் கற்பிக்கிறது. அவற்றைச் சோதித்தறியும் அறிவையும் தந்தவர் அவரே. ஆண்டவர் சொன்ன நல்ல சமாரியன் உவமையை நினைவுகூருங்கள். அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினான் அவன். அக்காலத்து மருந்து அதுவே. ஆயினும் மருந்திட்டதோடு கடமை தீர்ந்ததென்று போய்விடவில்லை. சாவடிக்குக் கொண்டுசென்றான், செலவுக்குக் காசு கொடுத்தான், திரும்பி வருவேன் என்றும் சொல்லிச் சென்றான். மருந்து கொடுப்பவர்க்கும், மருந்து சொல்பவர்க்கும், இல்லத்தில் நோயாளியைப் பேணுபவர்க்கும் அவன் காட்டிய வழி இதுவே. இலையாயினும் மாத்திரையாயினும் கொடுத்துவிட்டு மறந்துவிடாமல், திரும்பி வந்து பார்ப்போம். பார்த்ததை மறையாமல் சொல்வோம். வேப்பமர நிழலில் வாடிய முகத்தோடு நிற்கும் நம் சகோதரருக்கு நாம் செய்யக்கூடிய உண்மையான உதவி அதுவே.